சுடலைமுத்துவின் ராத்தல் கேக்

வெண்ணெய்க் கட்டியைக் காகிதத்தோடு எடுத்து ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டு சுடலைமுத்து பல் துலக்கப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைக் காலை. நடுவட்டத்து மலைக் குளிரில் வெண்ணெய் கல்லாகக் கிடக்கும். அடுப்பருகே வைத்தால் ஓரம் உருகி ஓடும், நடு அப்படியே இருக்கும். உடம்புச் சூடுதான் அதற்குச் சரி என்று அவராகக் கண்டுபிடித்திருக்கிறார். பல் துலக்கி, வெந்நீர் போட்டு, மனைவிக்கு முகம் துடைத்துவிட்டு வருவதற்குள் அது விரல் பதிகிற பதத்துக்கு வந்துவிடும். சில நாள் மறந்துபோய் அப்படியே முட்டை வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்துவிடுவார். "சட்டைக்குள்ள என்னாண்ணே?" என்று கடைக்காரர் கேட்டால், "பூனைக்குட்டி" என்பார், முகம் மாறாமல்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லாரி ஓட்டுகிறவர். குள்ளம், கழுத்தே இல்லாத உடம்பு, வெயில் காலத்திலும் கழற்றாத குரங்குக் குல்லா. சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம். பால் மறந்த வயதில் கப்பலேறியவர்தான், ஆனாலும் ரொட்டியை இன்றும் 'பாண்' என்பார், டீயைத் 'தேத்தண்ணி' என்பார். நான் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் பள்ளி ஆசிரியை. நடுவில் ஒரு செங்கல் சுவர்தான், அவர் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். மனிதர்களைவிட இயந்திரங்களிடம் அவருக்கு மரியாதை அதிகம். லாரி மேட்டில் திணறினால், "வாங்கய்யா, வாங்க, இன்னும் கொஞ்சந்தேன்" என்று கெஞ்சுவார். மிக்சி சூடானால் மன்னிப்புக் கேட்பார். மனைவி பாலாமணியை மட்டும் "ஏய்" என்றுதான் கூப்பிடுவார். அந்த 'ஏய்' ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ராகத்தில் வரும்.

பாலாமணியின் குரலைப் பற்றி இந்த வீட்டு வரிசையில் இன்றும் பேசுவார்கள். கொழுந்து பறிக்கிற மலையில் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்கு அவள் கூப்பிட்டால், மலையே மங்கிப் பனி மூடிக் கிடந்தாலும் கேட்குமாம். மழையில் நின்று பறிக்கிற பெண்கள் எல்லாரையும் போல அவளும் வெற்றிலையும் புகையிலையும் ஒதுக்கிக்கொள்வாள். நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் குத்தியது என்று நினைத்துக் கொஞ்ச நாள் தேன் தடவினாள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நாக்கில் ஒரு பாதியை எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். உயிரோடு திரும்பினாள். ஆனால் வாயில் எச்சில் ஊறுவது நின்றுவிட்டது.

எச்சில் இல்லாத வாய் எப்படியிருக்கும் என்று நான் அதற்கு முன் யோசித்ததே இல்லை. சோறு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இட்லி மணலாகும். காரம் பட்டால் தீக்காயம் போல எரியும். கஞ்சி மூக்கு வழியாகத் திரும்பும். கருவாட்டுக் குழம்பை நெருப்பு மாதிரி வைத்து, கூட இரண்டு மிளகாயைக் கடித்துக்கொள்கிறவள் அவள். இனிப்பை ஒரு நாளும் தொட்டதில்லை. ஒவ்வொரு வேளையும் சுடலைமுத்து எதையாவது பிசைந்துகொண்டு வருவார், அவள் தலையை ஆட்டுவாள். அவள் மெலிய மெலியச் சேலை ஒரு சுற்று அதிகம் வாங்கிக்கொண்டே போனது.

அந்தச் சமயத்தில்தான் ராஜகுமாரி ஒரு தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கீழ் வரிசையில் இருப்பவள், பால்வாடியில் வேலை, வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்து கொடுப்பாள். அன்று அவள் மகளுக்கே பிறந்தநாள். சாக்லேட் கேக், மேலே பூச்சு கீச்சு எதுவும் இல்லாமல், அடர்ந்து கறுத்து ஈரமாக இருந்தது. மரியாதைக்காகப் பாலாமணி ஒரு விள்ளல் வாயில் போட்டாள். தண்ணீர் கேட்கவில்லை. இருமவில்லை. தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் அசையாமல் நின்றார். இன்னொரு விள்ளல் போட்டாள். அதுவும் இறங்கியது. சுடலைமுத்து செருப்புகூடப் போடாமல் கீழ் வரிசைக்கு ஓடினார்.

"எம்மா, அந்தக் கேக்கு எப்பிடிச் செய்யிறது?"

"நானே செஞ்சு தாரேன்ணே. உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்?"

"நீ ஒரு நாளைக்குத் தருவ. அவளுக்குத் தினம் பசிக்குமே."

ராஜகுமாரி சொல்லிக் கொடுத்தாள். வெண்ணெய், சர்க்கரை, மைதா, முட்டை, நாலும் ஒரே எடை. அதனால்தான் இதற்குப் பவுண்டு கேக் என்று பேர் என்றாள். "பவுண்டுன்னா ராத்தல்தானே? அப்ப இது ராத்தல் கேக்கு" என்று இவர் அங்கேயே பேரை மாற்றிவிட்டார். அவர் அம்மா சிலோனில் கொழுந்தை ராத்தலில் நிறுத்துப் போட்டவள்.

முதல் கேக் செங்கல் போல வந்தது. இரண்டாவது நடுவில் குழி விழுந்தது. அதற்கடுத்ததை வாசலில் நாய்க்குப் போட்டார். "மோந்து பாத்துட்டு என்னய ஒரு பார்வை பாக்குது டீச்சர். சோறு போடுறவன்னுகூட நெனைக்கல" என்றார். பேக்டரியில் தேயிலை வறுக்கிறவர்கள் கேலி செய்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. கொழுந்து நிறுக்கிற நேரத்தில் லாரிக்குள் உட்கார்ந்து போனில் கேக் வீடியோக்களைப் பார்த்தார். எந்த மொழியில் இருந்தாலும் பார்த்தார்.

பிறகு அது அவர் கைக்கு வந்துவிட்டது. கோகோ பொடியில் கொதிக்கக் கொதிக்கத் தேயிலைச் சாயத்தை ஊற்றிக் குழைப்பார். அதில் கசப்பு அடங்கி நிறம் ஏறும் என்பார். தயிர் ஒரு கரண்டி. குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, விசிலையும் ரப்பர் வளையத்தையும் எடுத்துவிட்டு, சின்னத் தீயில் பாத்திரத்தை உள்ளே இறக்குவார். "கொஞ்சம் பொறுத்துக்கங்க தாயே" என்று மூடியைத் தொட்டுக் கும்பிடுவார். வெந்ததும் கம்பளி பின்னும் ஊசியால் மேலெல்லாம் துளைபோட்டு, சர்க்கரை போட்டுக் காய்ச்சிய பாலைச் சூட்டோடு மெல்ல மெல்ல ஊற்றுவார். கேக் அதை உறிஞ்சுகிற சத்தத்தைக் குனிந்து கேட்பார். ஈரம் போதாது என்று பட்டால் இன்னும் ஊற்றுவார். அந்த வீட்டில் ஈரம்தான் சோறு.

பாலாமணி தின்றாள். ஒரு கிண்ணத்தில் உதிர்த்து, வெதுவெதுப்பான பால் இரண்டு கரண்டி விட்டு, மெல்ல மெல்லத் தின்றாள். கன்னம் கொஞ்சம் தேறியது. முன்வாசலுக்கு வந்து வெயிலில் உட்கார்ந்தாள். அவள் பேசுவது அரைகுறையாகத்தான் கேட்கும், கேட்கக் கேட்க எனக்கும் பழகிவிட்டது. ஒரு நாள் அவர் லாரியோடு போயிருந்தபோது என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

"ருசியே இல்ல டீச்சர். மண்ணு மாதிரி இருக்கு. கரண்டு வச்சதிலேருந்து எதுவுந் தெரியல."

"பின்ன எப்படிக்கா சாப்பிடறீங்க?"

"அந்தாளு மூஞ்சியப் பாத்துத் திங்கிறேன்." பிறகு என் கையை அழுத்தினாள். "சொல்லிராத."

நான் சொல்லவில்லை.

ஆனி மாத மழையில் ஒரு நாள் சுடலைமுத்து எங்கள் வீட்டு மிக்சியை இரவல் வாங்க வந்தார். அவருடையது புகைந்துவிட்டதாம். எங்கள் அடுப்பங்கரையிலேயே நின்று சர்க்கரையைப் பொடித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"அவளுக்கு ருசி தெரியாது டீச்சர்."

நான் சிந்திய சர்க்கரையைத் துடைத்தேன்.

"ஒரு நா வேலைக்குப் போற அவசரத்துல சர்க்கரை போட மறந்துட்டேன். பாலுலயும் போடல. அவ முழுசாத் தின்னுட்டு நல்லாருக்குன்னு தலைய ஆட்டுறா. கிண்ணத்த வழிச்சு நான் வாயில வச்சேன். வெறுங்கசப்பு. அன்னிக்கி லாரியில ஏறி உக்காந்தேன், சாவி போட வரல."

"அக்காகிட்டக் கேட்டீங்களாண்ணா?"

"கேட்டா அப்பறம் அவளுக்குத் திங்கணும்னு என்னா இருக்கு?" என்றார். மிக்சியைத் துடைத்து, அதன் தலையை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நான் இரண்டு பேருக்கும் நடுவில், ஒரு செங்கல் சுவரின் இந்தப் பக்கம், வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஆடியில் அவளுக்குப் புரையேற ஆரம்பித்தது. கேக்கும் தவறான வழியில் போயிற்று. காய்ச்சல், மூச்சிரைப்பு, மறுபடி கோயம்புத்தூர். சுடலைமுத்து டிபன் டப்பாவில் கேக் எடுத்துக்கொண்டு போயிருந்தார். வார்டில் இருந்த நர்ஸ் சின்னப் பெண், கொங்குப் பக்கத்துப் பிள்ளை. டப்பாவைப் பார்த்ததும் பதறிவிட்டாளாம்.

"ஏனுங்க, வாய் வழியா இனி ஒண்ணும் குடுக்கக் கூடாதுங்க. தண்ணிகூட ஆகாதுங்க. எல்லாம் நுரையீரலுக்குப் போயிருங்க."

"எத்தன நாளைக்கும்மா?"

அந்தப் பெண் டப்பாவின் மூடியை எடுத்து மெதுவாக மூடினாள் என்று என்னிடம் சொன்னார். வயிற்றில் துளைபோட்டு டியூப் வைத்தார்கள். புண் கழுத்தில் மறுபடி தலை காட்டியிருக்கிறது, இனிமேல் வைத்தியம் வலிக்கு மட்டும்தான் என்றும் சொல்லி அனுப்பினார்கள். கேக் அப்படியே ஊர் திரும்பியது. அதை அவர் நாய்க்கும் போடவில்லை. கொல்லையில் குழி தோண்டி மூடினார்.

டியூபில் பால் ஊற்ற ஒரு வாரத்துக்குள் பழகிவிட்டார். அந்த ஊசிக் குழாயிடமும் "மெல்லப் போங்க, அவசரமில்ல" என்று பேசுவது எனக்குக் கேட்கும். ஆனால் அடுப்பங்கரையில் சத்தம் நின்றுவிட்டது. தாளிக்கிற வாசனை வரவில்லை. குக்கர் கவிழ்ந்தே கிடந்தது. பஜாரிலிருந்து பாண் வாங்கிவந்து, வீட்டுக்குள் வராமல், குழாயடியில் நின்றபடி தண்ணீரில் நனைத்து விழுங்குவார். ஒரு நாள் நான் பார்த்துவிட்டேன்.

"உள்ள போய்ச் சாப்பிடுங்கண்ணா. இப்படிக் குளுர்ல நிக்கறீங்களே."

"அவ பாக்க நான் எப்பிடித் திங்கிறது?"

பாதி நாள் அதுவும் இல்லை. அவருடைய காற்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்ட வேண்டியதாயிற்று. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிற மகன் வந்து பார்த்தான். தாயைவிடத் தகப்பனைப் பார்த்துத்தான் அதிகம் அழுதான்.

பாலாமணி கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குக் கார்த்திகையில்தான் தெரிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். ராஜகுமாரியும் அங்கே இருந்தாள். பாலாமணி சொன்ன வார்த்தை எங்கள் இருவருக்குமே முதலில் பிடிபடவில்லை. கையால் வட்டம் போட்டு, ஊசியால் குத்துவது போலக் காட்டிய பிறகு புரிந்தது.

"அண்ணே, அக்கா கேக்குச் செய்யச் சொல்றாங்க" என்றாள் ராஜகுமாரி.

"யாருக்கு?" என்று வாசலிலிருந்தே கேட்டார். குரலில் கோபம் இருந்தது. "யாருக்குச் செய்யிறது இப்ப?"

பாலாமணி கட்டிலின் சட்டத்தை ஓங்கி அடித்தாள். அவர் உள்ளே வந்தார். அவள் கண்ணைப் பார்த்தார். குக்கரை நிமிர்த்தினார்.

வெந்த வாசனை வரிசை முழுக்கப் போயிற்று. பாலை ஊற்றியதும் கேக் பளபளத்தது. தட்டில் ஒரு துண்டு வைத்துக் கொண்டுவந்து அவளுக்குக் காட்டினார். காட்டிவிட்டுத் திரும்பப் போனவரின் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்காரவைத்தாள். தட்டை வாங்கி ஒரு விள்ளல் பிட்டாள். தன் வாயில் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்து நாங்கள் மூவருமே கையை நீட்டினோம். அவள் அதை அவர் உதட்டருகே கொண்டுபோனாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தின்னு," என்றாள். அந்த ஒரு வார்த்தை தெளிவாகக் கேட்டது.

அவர் வாயைத் திறந்தார். மென்றார். கண்ணிலிருந்து வழிந்தது குல்லாவின் ஓரத்தை நனைத்தது. வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார். பாலாமணி இடக்கையை நீட்டி அவர் தொண்டையின் மேல் வைத்தாள். அது ஏறி இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு, அந்தக் கையை எடுக்காமலே, வலக்கையால் அடுத்த விள்ளலைப் பிட்டாள்.