கூரையைத் தொடாத சுவர்

காலை ஆறரை மணிக்கு இரத்தினபுரியில் பஸ் ஏறினேன். றக்வான நாற்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். கடைசிப் பகுதியில் வளைவுகள் அதிகம், பிடித்துக்கொள்ளக் கம்பிகள் குறைவு. அங்கிருந்து தோட்டத்துக்கு முச்சக்கர வண்டி, அறுநூறு ரூபாய்.

"வீடு குடுக்க வாறீங்களா சேர், ஓட்டுக் கேக்கவா?" என்றார் சாரதி.

"கேள்வி கேட்க."

"அப்ப ஒண்ணும் குடுக்க மாட்டீங்க."

ஓய்வுபெற்ற பிறகும் கணக்கெடுப்பு என்றால் என்னைக் கூப்பிடுகிறார்கள். இம்முறை பெண்களிடம் ஒரு கேள்வி: கணவர் எப்போதாவது கை நீட்டியிருக்கிறாரா? பெண்தான் கேட்க வேண்டும் என்பது விதி. வரவேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். அவருடன் விதியும் விடுப்பில் போனது.

பத்து மணிக்குத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில், செல்வி என்ற பெண்ணின் அறையில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினால் தனிமை என்கிறது எங்கள் கைநூல். நடுச்சுவர் கூரையைத் தொடாத லயங்களை அதை எழுதியவர் பார்த்ததில்லை. சுவரின் மறுபக்கம் செல்வியின் மாமியார். கணவர் மாணிக்கக் குழிக்குப் போயிருந்தார், மாலையில் வருவார்.

இத்தகைய கேள்விக்கு ஒரு வழி உண்டு. பதில் சொல்பவர் நாணயத்தைச் சுண்ட வேண்டும். இலக்கம் விழுந்தால், உண்மை எதுவானாலும் "ஆமா". சின்னம் விழுந்தால் உண்மை. விழுந்ததை அவர் மட்டுமே பார்ப்பார். ஆகவே "ஆமா" என்பது யாரையும் காட்டிக்கொடுக்காது.

செல்வி சுண்டினார், பார்த்தார், "ஆமாங்க" என்றார்.

"என்னாடி ஆமா? எம் மவன் வரட்டும்," என்றது சுவருக்கு மேலாக ஒரு குரல். குரலுக்குப் பின்னால் ஆளும் புறப்படுவது கேட்டது.

"சேர், அந்தக் காசு வெசயத்த மாமிக்குச் சொல்லிருங்க," என்றார் செல்வி கதவைப் பார்த்தபடி. "அவரு வர்றதுக்குள்ள."

மாமியாருக்கு முழுவதையும் விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

"எங்க, என்னையக் கேளுங்க. செத்த மனுசன் எந்திரிச்சு வந்து சண்டைக்கா நிக்கப்போறாரு?"

கேட்டேன். அவர் சுண்டிய நாணயம் சீமெந்துத் தரையில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. எடுக்க நான் குனிவதற்குள், "ஆமாங்க" என்றார்.

"பார்க்காமல் சொல்லக்கூடாதம்மா."

"பாத்தா மட்டும் மாறவா போகுது?" மருமகளிடம் திரும்பினார். "அவன் கேட்டா, காசு சொல்லுச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். தண்ணிய வையி, சேர் தேத்தண்ணி குடிக்கட்டும்."

திரும்பும் பஸ்ஸில் விடைகளைச் சரிபார்த்தேன். என் வீட்டில் சுவர்கள் கூரைவரை போகின்றன. அடுத்த வீட்டில் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. நாணயத்தைப் பார்க்காமல் சொன்ன விடை செல்லாது. விதி அதில் தெளிவாக இருக்கிறது. செல்லாது என்றே குறித்தேன். அன்று கேட்டவற்றில் உண்மையென்று நான் உறுதியாக அறிந்தது அது ஒன்றைத்தான்.