சில்வர் பெயிண்டும் நான்கு எர்த் ஒயரும்

அந்தக் கார் எனக்குச் சொந்தமில்லை. ஆனால் நான் பானட்டைத் திறந்து காட்டும்போது பார்த்தவர்கள் யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். பெரம்பலூரில் ஒரு நிலக்காரர் வீட்டில் டிரைவராக இருந்தேன். காரை வாங்கியவர் நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வண்டி அவர் மனைவிக்கு வந்தது. அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். வயது நாற்பதுக்கு மேல் இருக்காது. வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, அதிகம் பேச்சில்லை. அது கூட்டுக் குடும்பம். வீட்டை நடத்தியது அவருடைய ஓர்ப்படி, அதாவது கணவருடைய அண்ணன் மனைவி. வீட்டுச் சாவிக்கொத்து முழுக்க அந்த அம்மாளின் இடுப்பில் தொங்கியது. கார் சாவி ஒன்றுதான் எங்கள் அம்மாவிடம் இருந்தது.

யுத்தம் முடிந்த மறுவருஷம். பெட்ரோல் இன்னமும் கூப்பனுக்குத்தான். மாதத்தில் பாதி நாள் வண்டி கொட்டகையிலேயே கிடக்கும். முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பலாம் என்றால், அந்தப் பிடியின் பல் தேய்ந்து வழுக்க ஆரம்பித்து இரண்டு வருஷமாகியிருந்தது. யுத்தகாலத்தில் சீமை வண்டிக்குச் சாமான் எங்கே கிடைக்கும்? உள்ளேயிருந்து கிளப்புகிற செல்ப் மோட்டார் சுற்றினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அந்த ஆடியில் செல்ப் முனக ஆரம்பித்தது. திருச்சியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, “எர்த் பத்தலய்யா” என்றார். உடனே அடுத்த வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார்.

எர்த் என்பது பெரிய வித்தையில்லை. பேட்டரியின் ஒரு முனையிலிருந்து ஒயர் செல்ப் மோட்டாருக்குப் போகிறது. இன்னொரு முனையை வண்டியின் இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருப்பார்கள். போன கரண்டு திரும்பி வருவதற்கு அந்தச் சட்டம்தான் வழி. ஆனால் இன்ஜின் சட்டத்தின் மேல் நேராக உட்காருவதில்லை. நடுவே ரப்பர் கட்டைகள் இருக்கின்றன, ரப்பரில் கரண்டு போகாது. அதனால் இன்ஜினையும் சட்டத்தையும் செம்புக் கம்பியில் பின்னிய ஒரு பட்டையால் இணைத்திருப்பார்கள். எங்கள் வண்டியில் அந்தப் பட்டை பச்சை பூத்து, பாதி இழை அறுந்து தொங்கியது.

மிலிட்டரியில் ஏலம் விட்ட சரக்கில் கட்டைவிரல் தடிமனுக்குக் கேபிள் கிடைத்தது. பழைய பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு துண்டை வெட்டி இன்ஜினிலிருந்து சட்டத்துக்கு இழுத்து முடுக்கினேன். செல்ப் தொட்டதும் சுற்றியது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி. ஒன்றுக்கே இவ்வளவு என்றால் இரண்டு இருந்தால் என்ன என்று தோன்றியது. டைனமோ பக்கம் ஒன்று, பேட்டரி முனையிலிருந்து இன்ஜினுக்கு நேராக ஒன்று, பின்பக்கம் ஒன்று. மொத்தம் நான்கு. கடைத்தெருவில் நிறுத்தினால் பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, யாராவது கேட்க மாட்டார்களா என்று நிற்பேன். கேட்டார்கள். “நாலு எர்த் போட்டிருக்கேங்க” என்பேன். அந்த ஜில்லாவிலேயே அப்படி ஒரு வண்டி இல்லை என்பது என் எண்ணம். ஜில்லாவில் வண்டிகளே எத்தனை இருந்தன என்பது வேறு விஷயம்.

இந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்கு ஒரு கார்டு வந்தது. அவர் மகள் எழுதியது. ஒரே மகள். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் ஒரு தடவைகூடப் பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தாலி கட்டும் நேரத்தில் அம்மா தன்னை மறந்து மணமேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். தாலியறுத்தவள் முன்னால் வந்து நின்றாள் என்று சம்பந்தி வீட்டார் அன்றே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு அது திரும்பவேயில்லை. இப்போது மாப்பிள்ளைக்கு வடக்கே வேலை. விஜயதசமி நல்ல நாள் என்று திருச்சியிலிருந்து காலை ரயிலில் குடும்பத்தோடு மெட்ராஸ் போய், அங்கிருந்து பம்பாய். “அரியலூரில் தண்ணீர் பிடிக்கப் பத்து நிமிஷம் நிற்குமாம். ஒன்பதே முக்காலுக்கு வருமாம்” என்று மட்டும் எழுதியிருந்தது. வா என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் யாராவது படித்துவிடுவார்கள்.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூருக்குப் போக வேண்டும், இருபது மைல். பஸ்காரர்கள் பூஜை போட்டுவிட்டு விஜயதசமியன்று மத்தியானம்தான் முதல் டிரிப் எடுப்பார்கள். கார் இருக்கிறதே என்றேன். அதற்குப் பிறகு அம்மா தினம் ஒரு தடவை கொட்டகைப் பக்கம் வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் நான் பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். வருஷா வருஷம் சக்கரத்துக்கும் பம்பருக்கும்தான் அடிப்பது வழக்கம். அந்த வருஷம், மகளைப் பார்க்கப் போகிற வண்டி, உள்ளேயும் பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்தேன். அது உண்மையான நினைப்புதான். ஸ்டேஷனில் நான்கு பேர் பானட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள் என்ற நினைப்பும் கூடவே இருந்தது. ஒயர்கள் நான்கையும் கழற்றினேன். இன்ஜின், சட்டம், போல்ட்டு உட்காரும் இடம் எல்லாவற்றிலும் சில்வர் பெயிண்டை இரண்டு கை அடித்தேன். ஒரு பகல் முழுக்கக் காயவிட்டு, பெயிண்டின் மேலேயே நான்கு ஒயரையும் திரும்ப முடுக்கினேன். அவ்வளவு சுத்தமான வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை.

ஆயுத பூஜையன்று வண்டியை, பெட்ரோலை மிச்சம் பிடிக்க, கிளப்பாமலே வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து மாலை போட்டோம், சந்தனம் குங்குமம் வைத்தோம். ஸ்பேனர், அரம், சுத்தியல், திருப்புளி என்று என் சாமான் அத்தனையும் பூஜை அறைக்குள் போய், கணக்குப் புத்தகங்களோடும் அரிவாளோடும் வரிசையாக உட்கார்ந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியாமல் யாரும் தொடக்கூடாது. நானும் அதை நம்புகிறவன்தான். மறுபூஜையை ராகு காலம் கழிந்து ஒன்பது மணிக்கு மேல் வைத்திருந்தார் ஓர்ப்படியம்மா. வண்டிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஏழு மணிக்கே கிளம்பிவிடலாம், சாமானைத் தொடாமல் இருந்தால் சரி என்றார்.

ஏழு மணிக்கு அம்மா பின்சீட்டில் ஏறினார். மடியில் ஒரு ஓலைப்பெட்டி. அதிரசம் என்று வாசனை சொன்னது. குளிர்ந்த இன்ஜின் பிடிப்பதற்காகச் சோக் குமிழை இழுத்து செல்பை அழுத்தினேன். டக் என்று ஒரு சத்தம் கேட்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் டக். எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் அப்படியே இருந்தன.

பக்கத்து வீட்டிலிருந்து நான்கு ஆட்கள் வந்து, கிளம்பிய பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று பழங்களை ஓரமாக வைத்துவிட்டுத் தள்ளினார்கள். ராத்திரி பெய்த மழையில் தெரு சேறாகிக் கிடந்தது. கியரைப் போட்டதும் சக்கரம் உருளாமல் கட்டிக்கொண்டு வழுக்கியது. பத்து அடி போய் நின்றோம். ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் திரும்பத் திரும்பச் செல்பை அழுத்தினேன். எனக்குக் கோபம் பேட்டரியின் மேல். அதற்கு இரண்டு கெட்ட வார்த்தை சொன்னேன், அம்மா பின்னால் இருப்பதை மறந்து.

சோக்கை உள்ளே தள்ளலாம் என்று பிடித்தபோது விரல் சுட்டது. சும்மா வெதுவெதுப்பில்லை, அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி சுட்டது. பானட்டைத் திறந்தால் சோக் கம்பியின் உறை கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அந்த மெல்லிசுக் கம்பிக்குக் கரண்டோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. இன்ஜினிலிருந்து உள்ளே சட்டம் வரைக்கும் இரும்பாக ஓடுகிறது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கரண்டு திரும்பி வருவதற்கு வேறு வழியே இல்லாமல் இதன் வழியாக வருகிறது என்று அப்புறம்தான் உறைத்தது. கட்டைவிரல் தடிமனுக்கு நான்கு ஒயர் பக்கத்திலேயே இருந்தது. நான்கும் பெயிண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. பெயிண்டில் கரண்டு போகாது. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை.

மணி ஏழரை தாண்டியிருந்தது. அம்மா இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

“என்ன தம்பி?”

சொன்னேன். என் தப்புத்தான் என்பதையும் சொன்னேன். போல்ட்டைக் கழற்றி, அடியில் பெயிண்டைச் சுரண்டிவிட்டால் வண்டி கிளம்பிவிடும், ஆனால் சாமான் எல்லாம் உள்ளே பூஜையில் இருக்கிறது, ஒன்பதுக்கு மேல்தான் எடுக்கலாம் என்றேன். ஒரு கருங்கல் சில்லை எடுத்துச் சுரண்டிக் காட்டினேன். போல்ட்டு இருக்கிற வரைக்கும் கல் என்ன செய்யும்?

“எது எது வேணும்?”

“பெரிய ஸ்பேனரும் அரமும் போதும்மா. ஆனா...”

அவர் வீட்டுக்குள் போனார். பூஜை அறை வாசலில் ஓர்ப்படியம்மா நிற்பது வெளியிலிருந்தே தெரிந்தது. பூஜை நாட்களில் எங்கள் அம்மா அந்த வாசலைத் தாண்டி நான் பார்த்ததில்லை. நடையில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். அவரை வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

“ஏம்மா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? மறுபூஜை ஆவல. அதுலயும் நீ தொடலாமா?” ஓர்ப்படியம்மாளின் குரல் தெருவுக்குக் கேட்டது.

“சாமி எங்கிட்டேருந்து இன்னமே எதக்கா எடுத்துக்கப்போவுது? மிச்சமிருக்குறது அங்க ரயில்ல போவுது. நவுருங்க” என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

ஸ்பேனரையும் அரத்தையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இரண்டிலும் சந்தனமும் குங்குமமும் ஈரம் காயாமல் இருந்தன. அவர் விரல்களிலும் ஒட்டியிருந்தது. எனக்கு வாங்கக் கை வரவில்லை. பயமாகத்தான் இருந்தது.

“பாவம்னா அது எனக்கு. நீ சுரண்டு” என்றார்.

ஒரே ஒரு ஒயருக்குத்தான் நேரம் இருந்தது. இரண்டு முனையையும் கழற்றி, இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் அரத்தால் தேய்த்தேன். என் சில்வர் பெயிண்ட் தூளாகக் காலில் உதிர்ந்தது. முடுக்கிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு செல்பை அழுத்தினேன். பேட்டரியில் மிச்சம் இருந்தது. இரண்டு சுற்று முனகி மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. பழங்கள் தெருவில் பத்தடிக்கு அந்தப் பக்கம் கிடந்தன. அவற்றின் மேல் ஏற்ற யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ராகு காலத்தில்தான் கிளம்பினோம். மருதையாற்றுத் தரைப்பாலத்தில் முழங்கால் அளவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் ஓடியது. வேறு நாளாக இருந்தால் நிறுத்தி யோசித்திருப்பேன். அன்று இன்ஜினை நிறுத்துகிற தைரியம் எனக்கு இல்லை. அரியலூர் ஸ்டேஷனுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரயில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் தண்ணீர் குடித்து முடித்திருந்தது.

அம்மா ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. பிளாட்பாரத்தில் நுழைந்ததும் ஓலைப்பெட்டியை என்னிடம் கொடுத்து, “நடுப்பெட்டியில இருப்பாங்க, குடுத்துட்டு வா” என்றார்.

“நீங்க வாங்கம்மா.”

“நல்ல நாள்ல அவ புருசன் புது வேலைக்குப் போறான். நான் எதுக்க வரலாமா? நாளைக்கி அவனுக்கு ஒரு தலவலின்னாலும் அவளத்தான் பேசுவாங்க.” சொல்லிவிட்டு ரயிலின் கடைசிப் பெட்டிக்கும் பின்னால், பிளாட்பாரம் முடிகிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டார். புறப்படுகிறவர்களுக்கு எதிரே நிற்கக்கூடாது; பின்னால் நிற்பதற்குத் தடையில்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் பூஜைச் சாமானைத் தூக்கியவர் இவர்தானா என்று எனக்கு எரிச்சல் வந்தது. பேச நேரமில்லை.

மகள் ஜன்னலோரம் இருந்தார். அவருக்கு எதிரே மாமியார். பெட்டியை நீட்டினேன். “அம்மா வல்லியா?” என்று உதடு மட்டும் அசைந்தது. “பின்னால நிக்கிறாங்க” என்றேன். மாமியார் வெளியே எட்டிப் பார்த்து, யாரும் இல்லாததைக் கண்டு திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். விசில் ஊதியது.

வண்டி நகர்ந்ததும் மகள் ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு பின்பக்கம் பார்த்தார். மாமியார் ஏதோ சொல்வது தெரிந்தது. மகள் திரும்பவில்லை. கையை வெளியே நீட்டி, ஆட்டாமல் அப்படியே வைத்திருந்தார். கடைசிப் பெட்டி என்னைத் தாண்டிய பிறகும் அந்தக் கை தெரிந்தது.

நான் அம்மாவிடம் போனேன். கரிப்புகை முழுக்கப் பின்பக்கம் படிந்து அவர் நின்ற இடத்தை மூடியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். விரலில் இருந்த குங்குமம் கன்னத்தில் ஒரு கோடாக இழுத்திருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

“பொகையில ஒண்ணுந் தெரியல. அவ திரும்பிப் பாத்தாளா?”

“பாத்தாங்கம்மா. கைய நீட்டிக்கிட்டே போனாங்க.”

காரில் ஏறி உட்கார்ந்தார். செல்ப் ஒரே தொடுதலில் பிடித்தது. ஊர் எல்லை தாண்டியதும், “நெசமாத்தான் பாத்தாளா?” என்றார். நெசம்தான் என்றேன். மருதையாறு வந்தது. தண்ணீர் இறங்கியிருந்தது. தரைப்பாலத்தின் நடுவில் போகும்போது பின்னாலிருந்து மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

“எந்தக் கை தம்பி?”