மீதி ஒரு நிமிடம்

வாஷிங் மெஷினின் முகத்தில் 1 என்று ஒளிர்ந்தது. இன்னும் ஒரு நிமிடம்தான் மீதி என்று அர்த்தம். அந்த ஒரு நிமிடம் தொடங்கி இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது.

மடிப்பு அக்கா குளியலறை வாசலில் முக்காலியைப் போட்டு மெஷினுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். வட்டக் கண்ணாடிக்குள் போர்வை பெரிய பந்தாகப் புரண்டது. நாலு சுற்று சுற்றியது. வேகம் பிடிக்கப் பார்த்தது. தொம் தொம் என்று இடித்துக்கொண்டு நின்றது. யோசித்தது. பிறகு மறுபக்கமாகச் சுற்றியது. போர்வையின் ஒரு மடிப்பிலிருந்து வெளிர்பச்சைச் சட்டைக் கை ஒன்று வெளியே வந்து கண்ணாடியில் ஒட்டி, மறுபடி உள்ளே போனது.

அது அவளுடைய சீருடை. அவளிடம் இருப்பதே இரண்டு செட். இரண்டும் அதற்குள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் வார்டு உதவியாள் அவள். படுக்கை மாற்றுவது, நோயாளியைப் புரட்டிவிடுவது, தரை துடைப்பது எல்லாம் அவள் பாடு. எட்டு மணி நேரம் இப்படி மாரடித்துவிட்டு வெளியே வரும்போதும் அவள் பேண்ட்டின் மடிப்பு கலைந்திருக்காது. "அக்கா, உங்க மடிப்புல தக்காளி நறுக்கலாம்க்கா" என்று நர்ஸ் பெண்கள் கிண்டலடித்து வைத்த பெயர்தான் மடிப்பு அக்கா. கூப்பிட்டால் முறைப்பாள். உள்ளூர அந்தப் பெயரில் அவளுக்கு ஒரு குளிர்ச்சி.

பதினோரு வருடமாக ஒரு கம்பெனி மூலம் ஒப்பந்த வேலை. இன்று இரண்டு மணிக்குக் கம்பெனி மேனேஜர் வந்து, பதினான்கு பேரை வரிசையில் நிறுத்திப் பார்த்து, மூன்று பேரை நிரந்தரம் ஆக்கப்போகிறார். வார்டு சிஸ்டர் இவள் பெயரை முதலில் சொல்லி வைத்திருந்தார். "சீருடை இல்லாம வந்தா வரிசையிலயே நிக்க விடமாட்டாங்க" என்றும் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அதைக் கேட்டபோது மடிப்பு அக்கா மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். யாரிடம் சொல்கிறார்!

பழைய மெஷினாக இருந்தால் இந்த வினையே இல்லை. அதில் இரண்டு தொட்டி. ஒன்றில் துவைக்க வேண்டும், மற்றதில் போட்டுப் பிழிய வேண்டும். வேலை முடிந்து வந்த கையோடு ஒற்றைச் செட்டைப் போட்டுக் குமிழைத் திருகினால் டிக் டிக் என்று ஓடும். முரண்டு பிடித்துக் குதித்தால் மூடியைத் திறப்பாள், அடங்கிவிடும். துணியைக் கையால் பரப்பி அமுக்கிவிட்டு மூடினால் மறுபடி ஓடும். மகள்தான் போன மாதம் அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கி அனுப்பினாள். "ரெண்டு துணிக்கெல்லாம் போடாதம்மா. எடை பத்தாது, பிழியாது. சேத்து வச்சுப் போடு" என்று போனில் சொன்னாள்.

சேர்த்து வைத்தாள். முந்தாநாள் உடுத்தியது ஒன்று, நேற்று ஒரு நோயாளி வாந்தியெடுத்து அழுக்கானது ஒன்று. காலை பத்து மணிக்குப் போடும்போது, இதுவும் பத்தாதோ என்று சந்தேகப்பட்டு ஒரு போர்வையையும் திணித்தாள். போர்வை இரண்டையும் விழுங்கிவிட்டது. ஒரே பக்கமாகக் கனக்கும் பந்தை வைத்துக்கொண்டு மெஷின் பிழிய மாட்டேன் என்கிறது. கதவையும் திறக்க மாட்டேன் என்கிறது.

"செகண்ட் கியருக்கே போகமாட்டேங்குதே" என்றார் கணவர். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். எதைப் பார்த்தாலும் அவருக்கு பஸ்தான்.

"நீங்க கொஞ்சம் வாய மூடிட்டு இருங்க. மணி என்ன?"

"பன்னெண்டு இருபத்தஞ்சு."

ஒன்று பத்து பஸ்ஸை விட்டால் அடுத்தது இரண்டு மணிக்கு. அவள் எழுந்து, பழைய மெஷினை அமுக்குவதுபோல இரண்டு கையாலும் அமுக்கினாள். பிறகு மார்பையும் வயிற்றையும் சேர்த்து அதன் மேல் கவிழ்ந்தாள். மெஷின் அவளையும் சேர்த்து உலுக்கியது. ஏதோ கூவியது. உள்ளே சரசரவென்று தண்ணீர் இறங்கியது. 1 மறைந்து 24 வந்தது.

"ஐயோ! மறுபடி மொதல்லேருந்தா!"

"நீ ஏன் போய் அது மேல படுத்த?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? கால்ல விழட்டுமா?"

பிளக்கைப் பிடுங்கினார் டிரைவர். கதவு திறக்கவில்லை. மகளுக்குப் போன் போட்டார்கள். அவள் ஏதோ மீட்டிங்கிலிருந்து குசுகுசுத்தாள். "உள்ள தண்ணி இருந்தா தெறக்காது. அடியில மூலைல சின்னக் கதவு இருக்கும்மா. உள்ள ஒரு குழா. அதத் தெறந்து தண்ணிய வடிங்க. அம்மா, அழாத."

"நான் எங்கடி அழறேன்?"

அழுதுகொண்டுதான் இருந்தாள்.

குழாய் இருந்தது. தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில். வாளி நுழையவில்லை, கிண்ணம் நுழையவில்லை. சாப்பிடும் தட்டுதான் நுழைந்தது. அவள் பிடிக்க, அவர் கொண்டுபோய் ஊற்றினார். தட்டுத் தட்டாக அந்தப் பெரிய வயிற்றை வடித்தார்கள். எத்தனை தட்டு என்று யாரும் எண்ணவில்லை. டிரைவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. ஒரு தட்டு அவர் காலிலேயே கவிழ்ந்தது. அடுத்ததற்குக் கையை நீட்டினார்.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்குக் கதவு கிளிக் என்றது. தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடந்த போர்வையை இருவரும் இழுத்துப் போட்டார்கள். அதன் வயிற்றுக்குள் கையை விட்டுச் சட்டையையும் பேண்ட்டையும் உருவினாள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள். பாதித் தண்ணீர்கூடப் போகவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் சுர்ரென்று ஆவி எழுந்தது. ஒரு காலில் பாதிவரை மடிப்பு வந்தது.

"ஒண்ணு மூணு" என்றார் அவர்.

அப்படியே உடுத்திக்கொண்டாள். குளிர் முதுகில் அப்பியது.

பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். வெயில் படும் பக்கமாகத் திரும்பித் திரும்பி நின்றாள். ஒரு பக்கம் கொஞ்சம் காய்ந்தால் இன்னொரு பக்கம் சொட்டியபடி உடம்போடு ஒட்டியது.

இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, மூன்றாம் வார்டு வாசலில் வரிசையில் போய் நின்றாள். ஏசி நேராகத் தலைக்கு மேல். மேனேஜர் சின்ன வயதுக்காரர். ஒவ்வொருவரையும் பார்த்துக் கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தவர், இவளிடம் நின்றார்.

"என்னங்க இது? வெளியில மழையா?"

யாரோ சிரித்தார்கள்.

"மெஷினுங்க... கதவு தெறக்கல" என்றாள். பற்கள் தந்தியடித்தன.

"இவங்கதான் நான் சொன்னவங்க சார்" என்றார் சிஸ்டர். "எப்பவும் இப்படி வரமாட்டாங்க. எப்பவும் அவ்வளவு நீட்டா..."

"எப்பவும்ங்கறது எனக்குத் தெரியாதே சிஸ்டர். நான் பாக்கறது இன்னிக்கு மட்டும்தான?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள். அவர் பார்வை அவள் பேண்ட்டில், பாதி மடிப்பு நின்றுபோன இடத்தில் ஒரு கணம் தங்கி, பக்கத்து ஆளுக்குப் போனது.

மூன்று பெயர்களைப் படித்தார்கள். கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். ஈரச் சட்டைக் கை சளக் சளக் என்றது.

கூட்டம் கலைந்தது. பையில் போன் அதிர்ந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் டிரைவர். பதிலுக்குக் காத்திராமல் அவராகவே தொடர்ந்தார். "போர்வைய மட்டும் திரும்பப் போட்டேன். சும்மா பறக்குது. இன்னும் ஒரு நிமிஷம்னு காட்டுது..."

"சரி, வைங்க."

அவள் நின்றிருந்த இடத்தில் இரண்டு செருப்புத் தடமும், நடுவில் ஒரு சின்னக் குளமும் இருந்தன. அந்த வழியாகத் தள்ளுவண்டியில் நோயாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தள்ளியவர் தரையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"யாரு இங்க தண்ணி கொட்டினது? மூணாம் வார்டு ஆளு எங்க?"

"இருங்க, வழுக்கிடப்போறீங்க" என்று மடிப்பு அக்கா ஓடிப்போய்த் துடைப்பானை எடுத்து வந்தாள். குனிந்து துடைத்தாள். துடைத்த இடத்தில், சட்டை நுனியிலிருந்து மறுபடி சொட்டியது. மறுபடி துடைத்தாள்.