கம்பத்திலிருந்து பதினோரடி

தெருக்குழாய் பதிக்கும் ஆட்கள் அவனுக்கு வைத்த பெயர் டேப்பு. இருபத்தாறு வருஷத்தில் அளவு நாடா இல்லாமல் ஒரு நாளும் அவன் பள்ளத்தில் இறங்கியதில்லை.

"பொண்டாட்டியையும் அளந்து பார்த்துத்தான் கட்டினியாடா?" என்பார் மேஸ்திரி.

"அவதாண்ணே என்னை அளந்தா."

கடப்பாறை கல்லில் பட்டால் மற்றவர்கள் திட்டுவார்கள்; அவன் குனிந்து மண்ணைத் துடைப்பான். மூன்றடி கனத்தில் செங்கல் சுவர், மேலே வழவழவென்று சுண்ணாம்பு. நாலு தெரு தள்ளி அதே சுவர் மறுபடி தலை காட்டும். ஊருக்கு அடியில் ஒரு ராஜாவின் அரண்மனை புதைந்து கிடக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். இடம்தான் யாருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும். பள்ளத்தை மூடுமுன் பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண், அதிலிருந்து எந்தப் பக்கம் எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று நோட்டில் எழுதிவிடுவான். நூற்றுப் பதினேழு இடங்கள். ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

பழைய சந்தைத் திடலில் மாடிக்கட்டடம் வரப்போவதாகக் கேள்விப்பட்டதும், அவன் அக்கா அந்த நோட்டைத் தொல்லியல் ஆபீசில் கொண்டுபோய்க் காட்டினாள். அதிகாரியம்மா அலையாய் அலைந்து கட்டட வேலைக்கு ஒரே ஒரு நாள் தடை வாங்கினார்.

"நிக்கிற சுவரா ஒண்ணைக் காட்டிடுங்க, போதும். வேலையை நிறுத்திடலாம். சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்."

நாற்பத்தெட்டாம் கம்பத்திலிருந்து மேற்கே பதினோரடி, ஆழம் ஏழு. தோண்டினார்கள். களிமண். நாற்பத்தொன்பதிலிருந்து ஒன்பதடி. அங்கேயும் களிமண். மூன்று மணிக்கு, கம்பத்தில் ஏறியிருந்த மின்வாரியக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே தேடுறீங்க?"

டேப்பு நோட்டைக் காட்டினான். அவர் இறங்கி வந்து படித்தார்.

"இது அந்தக் கம்பம் இல்லையேண்ணே. ரோட்டை அகலப்படுத்தினப்போ எல்லாத்தையும் பிடுங்கித் தள்ளி நட்டோம். நம்பரை மட்டும் அப்படியே எழுதிட்டோம்."

"எவ்வளவு தள்ளி?"

"அதெல்லாம் யாரு பார்த்தா? இடம் கிடைச்ச பக்கம் நட்டோம்."

அந்த வருஷம் அவனுக்கு ஊரின் மறுகோடியில் வேலை. எண்ணைப் பார்த்தான், நம்பிவிட்டான். குத்துமதிப்பாக இன்னும் இரண்டு குழி தோண்டினான். அஞ்சு மணி அடித்தது.

மறுநாள் காலை அஸ்திவாரத்துக்குத் துளை போடும் இயந்திரம் இறங்கியது. அவன் தோண்டிய இடத்திலிருந்து இருபது அடி தள்ளி, சுண்ணாம்பு ஒட்டிய செங்கல் துண்டுகளை அள்ளிக் கொட்டியது. அக்கா ஓடிப்போய் ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"துண்டை வெச்சு மறுபடி தடை வாங்க முடியாதும்மா," என்றார் அதிகாரியம்மா.

துளைக்குள் கான்கிரீட் இறங்கியது. டேப்பு வேலிக்கு வெளியே நின்றான். பழக்கதோஷத்தில் கை இடுப்பு நாடாவை உருவியிருந்தது.

"இந்த இடத்தையாவது குறிச்சு வெச்சுக்கோடா," என்றாள் அக்கா.

அவன் தெருவை மேலும் கீழும் பார்த்தான்.

"எதுலேர்ந்துக்கா அளக்கட்டும்?"