அரைமில்லியும் புது ஃபென்ஸும்

அரைமில்லி என்றால் அந்தத் தெருவில் பால்காரருக்குக்கூடத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அண்ணனின் மரப்பட்டறைக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனவள், டிரில் மெஷினடியில் கிடந்த ஒரு சட்டத்தைத் தூக்கிப் பார்த்து, "அண்ணா, இந்தத் துளை அரை மில்லி தள்ளியிருக்கு" என்றாள். அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே வெர்னியரை வைத்து அளந்தான். சுளையாக அரை மில்லி. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மறுவாரமே தங்கச்சியை அந்த மெஷின் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

அன்றிலிருந்து அதுதான் அவள் இடம். புருஷன் லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் நாலு நாள் ரோட்டில், மூன்று நாள் தூக்கத்தில். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டுக்குள் இருந்தால் ஆயிரம் பேர் ஆயிரம் கேட்பார்கள். மெஷின் முன்னால் நின்றால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள், அண்ணன் உள்பட. அந்த மரியாதை அவளுக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை, அதை அவள் யாரிடமும் சொன்னதுமில்லை.

அப்படிப்பட்டவள் அன்று காலை பட்டறைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு ஸ்பேனர். மெஷினைத் தரையோடு பிடித்திருக்கும் நாலு போல்ட்டுக்குப் பக்கத்தில், எண்ணெய் துடைத்துத் தயாராகக் கிடந்தது.

"என்ன அண்ணா இது?"

"நாலு மணிக்கு அந்தக் காப்பகத்து அம்மா வராங்க. இந்தத் தடவையும் வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா, மெஷினைக் கழட்டிடலாம்னு இருக்கேன். பக்கத்துத் தெருக்காரன் கேட்டுட்டே இருக்கான். துளையெல்லாம் இனிமே வெளியில கம்ப்யூட்டர் மெஷின்ல போட்டுக்கலாம்."

"அப்ப நான்?"

"நீ முன்னாடி உட்கார்ந்து போன் எடு. வர்றவங்ககிட்ட பேசு. கோவிச்சுக்காதே, உனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல."

"என் கண்ணைச் சொன்னே, நான் மனுஷியா இருக்கமாட்டேன், ஆமா!"

கத்தினதென்னவோ கத்திவிட்டாள். ஆனால் அந்தச் சந்தேகம் அவளுக்கும் இருந்தது.

விஷயம் இதுதான். குழந்தைகள் காப்பகம் ஒன்றுக்கு ஆறு கட்டில் செய்துகொடுத்தார்கள். கட்டிலின் பக்கவாட்டில் மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், நடுவில் வரிசையாகக் குச்சிகள். குச்சிக்கும் குச்சிக்கும் ஐம்பத்தொன்பதரை மில்லி இடைவெளி. காப்பகத்தின் பொறுப்பாளர் அம்மா வந்தார்; கைப்பையைத் திறந்து அறுபது மில்லி மரக்கட்டை ஒன்றை எடுத்தார். அது குச்சிகளுக்கு நடுவில் நுழையக் கூடாது. நுழைந்தால் குழந்தையின் உடம்பு நழுவி வெளியே வந்து, தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். முதல் இரண்டு கட்டிலில் நுழையவில்லை. மூன்றாவதில் கட்டை சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போயிற்று. மேல் துளையும் கீழ்த் துளையும் நேர் இல்லை, குச்சி சாய்ந்திருந்தது.

அந்த அம்மா திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. "தப்பா நினைக்காதீங்க, இதுல பிள்ளைங்க தூங்கணும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஆறையும் ஓரம் தள்ளச் சொன்னார். அரைமில்லிக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

தவறு ஃபென்ஸில்தான் என்று அவள் முடிவு கட்டினாள். ஃபென்ஸ் என்பது மெஷின் மேசையில் மரம் அண்டி நிற்கும் நேர்ச்சட்டம். அதோடு ஒரு ஸ்டாப்பர் இருக்கும். சட்டத்தின் முதுகை ஃபென்ஸிலும் நுனியை ஸ்டாப்பரிலும் முட்டவைத்துத் துளை போட்டால், நூறு சட்டத்திலும் துளை ஒரே இடத்தில் விழவேண்டும். அவளுடைய ஃபென்ஸ் வெறும் பலகை. இரண்டு கிளாம்ப்பில் பிடித்து வைத்தது. இருபத்திரண்டு வருஷம் உழைத்த பலகை வளைந்துவிட்டது என்றாள். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பணத்தை எடுத்து நீட்டினான். அந்தப் பேசாத முகம்தான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஸ்பேனரைப் பார்த்த கையோடு கிளம்பி, கடை திறக்கும்போதே போய் நின்றுவிட்டாள். கடைக்காரர் மூன்று ஃபென்ஸை எடுத்து மேசையில் பரப்பினார்.

முதலாவது பளபளவென்று இருந்தது. நுணுக்கமாக நகர்த்த ஒரு திருகு. அவள் திருகை முன்னால் சுற்றி, பின்னால் சுற்றினாள். பின்னால் சுற்றும்போது கால் சுற்று வரைக்கும் ஃபென்ஸ் அசையவே இல்லை.

"இது கால் சுத்து சும்மா சுத்துதே அண்ணாச்சி. எனக்குக் கால் சுத்துன்னா குடியே முழுகிடும்."

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கிறவங்ககூட இப்படிப் பாக்கமாட்டாங்க அக்கா" என்றபடி இரண்டாவதைத் தள்ளினார். அதில் திருகு இல்லை. ஆனால் அடிப்பக்கம் நெடுக ஒரு பள்ளம் வெட்டியிருந்தது, ஸ்டாப்பரின் கீழ்மூலையும் செதுக்கியிருந்தது. "இது மரத்தூள் ஒதுங்கறதுக்கு வழிங்க."

"என் மேசையில தூள் நின்னதே கிடையாது. அதை வேற யாருக்காவது வித்துக்குங்க."

மூன்றாவது கனமான இரும்பு. திருகைத் தொட்டாலே நகர்ந்தது, ஆட்டம் இல்லை. அதன் மேல் மில்லிக் கோடுகள். கடைக்காரர் பார்க்காத நேரத்தில் கண்ணாடியைக் கழற்றி, கையை நீட்டிப் பிடித்து, கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். தெரிந்தது. மாட்டிக்கொண்டு எண்ணினாள். இன்னும் நன்றாகத் தெரிந்தது. அதையே வாங்கிக்கொண்டு வந்தாள்.

பதினோரு மணிக்கெல்லாம் ஃபென்ஸ் மேசையில் உட்கார்ந்துவிட்டது. நல்ல மரம் இருபத்துநாலு சட்டத்துக்குத்தான் இருந்தது; ஒன்று வீணானாலும் மாற்று இல்லை. அதனால் கழிவு மரப் பட்டிகள் பத்தை எடுத்து முதலில் போட்டுப் பார்த்தாள். மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு, பட்டியை முட்டவைத்து, கைப்பிடியை இறக்கினாள். பத்தும் முடிந்ததும் வெர்னியரை எடுத்தாள்.

முதல் பட்டி சரி. இரண்டாவது சரி. மூன்றாவதும் சரி. ஆறாவது கொஞ்சம் தள்ளியிருந்தது. பத்தாவது முக்கால் மில்லிக்கு மேலேயே தள்ளியிருந்தது.

அவள் மறுபடியும் அளந்தாள். வெர்னியரைத் துடைத்துவிட்டு அளந்தாள். வேண்டுமென்றே விலகிப் போன பிள்ளையைப் பார்ப்பதுபோல் அந்தத் துளையையே பார்த்தாள். புது ஃபென்ஸ், அசையாத திருகு, தெளிவான கோடு. இனி யார்மேல் பழி போடுவது? மிச்சம் இருந்தது அவள்தான்.

அண்ணன் அறுப்பு மெஷின் பக்கமிருந்து எட்டிப் பார்த்தான். "என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. உன் வேலையைப் பாரு."

அவனுக்குப் புரிந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு ஸ்பேனரைப் பார்த்தான். மணி பன்னிரண்டரை.

அவள் வெர்னியரைக் கீழே வைத்தாள். பின்பக்க முற்றத்துக்குப் போனாள். மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கினாள். தண்ணீர்க் குடத்தின் மேல் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்தாள். அடியில் வழக்கம்போல் மரத்தூள். கை பாட்டுக்கு டம்ளரை வாயருகே கொண்டுபோக, வாய் பாட்டுக்கு 'ஃபூ' என்று ஊதியது. தூள் பறந்தது.

அப்படியே நின்றுவிட்டாள்.

ஊதினேனே! யார் சொல்லி ஊதினேன்?

இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு சட்டத்தை வைக்கும் முன்னாலும் அவள் ஃபென்ஸ் மூலையில் 'ஃபூ' என்று ஊதியிருக்கிறாள். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை, அவளுக்கே தெரிந்ததுமில்லை. இரண்டு மாசத்துக்கு முன்னால் வறட்டு இருமல் வந்து, டாக்டர் நெஞ்சுப் படம் எடுத்து, மரத்தூள் நுரையீரலில் இறங்கியிருக்கிறது, மாஸ்க் இல்லாமல் மெஷின் பக்கம் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அன்று சாயங்காலமே அண்ணன் இரண்டு பாக்கெட் மாஸ்க் வாங்கிவந்து, தன் கையாலேயே அவளுக்கு மாட்டிவிட்டான். அன்றிலிருந்து அவள் ஊதியதெல்லாம் மாஸ்க்குக்குள்ளேயே நின்றுவிட்டது.

டம்ளரைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். ஃபென்ஸும் ஸ்டாப்பரும் சேரும் மூலையில் நகத்தை விட்டுச் சுரண்டினாள். கெட்டியாக ஒரு படலம் பெயர்ந்து வந்தது. அடுத்த பட்டிக்கு மாஸ்க்கை இறக்கினபடியே ஊதினாள், துளை போட்டாள், ஊதினாள், துளை போட்டாள். ஐந்து பட்டியும் அச்சு அசல். ஆறாவதை எடுக்கும்போது இருமல் பிடித்துக்கொண்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அண்ணன் ஓடிவந்தான். "அறிவிருக்கா உனக்கு? மாஸ்க்கை ஏன் கழட்டினே? டாக்டர் என்ன சொன்னாரு?"

"கண்ணு இல்ல அண்ணா... தூள்... நான் ஊதல, அதான்..."

"ஒரு தூளுக்கு முக்கால் மில்லியா? யார்கிட்ட கதை விடறே?"

அவள் சுரண்டி எடுத்த படலத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அவன் வெர்னியரை எடுத்தான். அழுத்தினால் உடைந்துவிடும் என்று பூப்போலப் பிடித்து அளந்தான். பூஜ்யம் புள்ளி எட்டு. அவன் இரண்டாவது தரமும் அளந்தான். அவள் மாஸ்க்கை அவனே மேலே இழுத்துவிட்டான். அறுப்பு மெஷினுக்குத் திரும்பிப் போய்விட்டான்.

இனிமேல் என்ன? மாஸ்க்கைக் கழற்றினால் நெஞ்சு போகும், கழற்றாவிட்டால் மெஷின் போகும். பதில் காலையிலேயே கடை மேசையில் கிடந்தது. பள்ளம் வெட்டிய அந்த இரண்டாவது ஃபென்ஸை வேண்டாம் என்று அவள்தான் திமிராகத் தள்ளினாள். மறுபடி கடைக்குப் போய்வர நேரமில்லை. ஃபென்ஸுக்கு அடியில் இரண்டு முனையிலும் வாஷர் கொடுத்து இரண்டு மில்லி தூக்கினாள். தூள் அடியில் ஒதுங்க வழி வந்தது. ஸ்டாப்பரின் கீழ்மூலையை அரத்தால் தேய்த்து நீக்கினாள். பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றை நூலில் கட்டி மெஷினில் தொங்கவிட்டாள். மணி ஒன்றரை.

பிரஷ், முட்டு, இறக்கு. பிரஷ், முட்டு, இறக்கு. கை அதற்குப் பழகவில்லை. வாய் தானாக ஊதும், மாஸ்க்குக்குள் சூடாகும், அப்புறம்தான் பிரஷ் ஞாபகம் வரும். ஒவ்வொரு தரமும் வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். பத்தொன்பதாவது சட்டத்தில் நாலாவது துளை போட்டு முடித்தபிறகு சந்தேகம் வந்தது. இதற்குப் பிரஷ் போட்டேனா? போட்ட மாதிரியும் இருந்தது, போடாத மாதிரியும் இருந்தது. வெர்னியர் சரி என்றுதான் சொன்னது. ஆனால் சந்தேகத்தோடு அளக்கும்போது வெர்னியரை யார் நம்புவது? அந்தச் சட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள்.

மூன்றே முக்காலுக்கு அண்ணன் குச்சிகளைப் பொருத்தி முடித்தான். பசை போடாமல் இறுக்கமாக மாட்டிய பன்னிரண்டு பக்கங்கள் சுவரில் வரிசையாகச் சாய்ந்து நின்றன. நாலு அடிக்கும்போதே பொறுப்பாளர் அம்மா வந்துவிட்டார். கைப்பையைத் திறந்து அந்தக் கட்டையை எடுத்தார்.

"எதை முதல்ல பாக்கட்டும்?"

அண்ணன் ஓரத்தில் இருந்த நல்லதொன்றை நகர்த்தினான். அரைமில்லி அதைத் தாண்டிப் போய்ப் புள்ளி வைத்ததைத் தூக்கிவந்து முன்னால் வைத்தாள்.

"இதைப் பாருங்கம்மா. மத்ததுல எனக்குச் சந்தேகமே இல்ல. இதுல நாலாவது துளை மேல எனக்கே நம்பிக்கை இல்ல."

அண்ணன் அவளை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தான். பார்க்கட்டும். இதில் பிள்ளைகள் தூங்கவேண்டும். போனால் மெஷின்தானே போகும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த அம்மா நாலாவது குச்சிக்குப் பக்கத்தில் கட்டையை வைத்து அழுத்தினார். மேலே அழுத்தினார், நடுவில் அழுத்தினார், கீழே முழு பலத்தோடு அழுத்தினார். கட்டை நுழையவில்லை. அடுத்த பக்கமும் பார்த்தார். நுழையவில்லை. பிறகு விடாமல் பன்னிரண்டையும் பார்த்தார். அரைமணி நேரம் ஆயிற்று. ஒன்றில்கூட நுழையவில்லை.

"நீங்களே சந்தேகத்தைச் சொன்னீங்க பாருங்க, அதுக்கப்புறம் மீதியைப் பாக்கணும்னே இல்ல. இருந்தாலும் பாத்துட்டேன்" என்று சிரித்தார். "பசை போட்டு அனுப்பிடுங்க."

அவர் படியிறங்கிப் போனார். அரைமில்லி மெஷினில் சாய்ந்து நின்றாள். அண்ணன் குனிந்து ஸ்பேனரை எடுத்தான்.

இவ்வளவுக்குப் பிறகுமா? பக்கத்துத் தெருக்காரனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டானா? அண்ணன் மண்டியிட்டு முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான். இடப்பக்கம் திருப்பினால் கழலும். அவன் வலப்பக்கம் திருப்பினான். பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான்.

"லேசா ஆட்டம் குடுத்திருக்கு" என்றான், தரையைப் பார்த்தபடியே.

ஒரு ஆட்டமும் இல்லை. அது அவளுக்குத் தெரியாதா? அவன் இரண்டாவதையும் இறுக்கினான். மூன்றாவதுக்கு நகரும்போது, நூலில் தொங்கிய பிரஷ் தலையில் இடித்தது. அதை ஒதுக்கிவிட்டு, "உன் கண்ணைச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

அவள் அழுதாள். மாஸ்க் இருந்ததால் பாதிதான் தெரிந்தது.

"நாலாவதையும் நல்லா இறுக்கிட்டு எந்திரி அண்ணா" என்றாள்.