கிணற்றுப் பேய்க்கு ஒரு தங்கை

நான் பார்த்த முதல் பேய்ப்படத்தில் எனக்குப் பேய்மேல் கோபமே வரவில்லை. கோபமெல்லாம் அந்த அண்ணன்மேல்தான். இன்றுவரை அது தணியவும் இல்லை.

பந்தல்குடியில் எங்களுக்குக் கேபிள் கொடுத்தவர், ஞாயிறு மத்தியானங்களில் தன்னிடமிருக்கும் பழைய படம் எதையாவது போட்டுவிடுவார். அன்றைக்குப் போட்டது கறுப்பு வெள்ளை. அப்படி ஒரு படம் வந்ததாகவே நான் வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பேயின் தாடி வெறும் பஞ்சு. வௌவாலைக் கட்டியிருந்த கயிறு தெரிந்தது. மல்லாங்கிணற்றிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, அதைக் காட்டிக்காட்டிச் சிரித்தாள்.

வறண்ட கிணற்றில் குடியிருக்கும் பேய் ஒரு விவசாயியிடம் பேரம் பேசுகிறது. தண்ணீர் வேண்டுமென்றால் தங்கையைக் கொடுக்க வேண்டும். அவனும் தலையாட்டிவிடுகிறான். அந்தப் பெண்ணோ வீட்டில் கம்பு இடித்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் அவளுக்குப் பட்டுக் கட்டி, மாலை போட்டு, மேளத்தோடு கிணற்றில் இறக்கினார்கள். தண்ணீர் பொங்கியது. ஊர் ஆடியது. அண்ணனும் ஆடினான். அதன்மேல் 'சுபம்' என்று வேறு போட்டார்கள்!

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று கத்தினேன்.

"என்ன சுபம்? அவகிட்ட ஒருத்தருமே கேக்கலையே! தண்ணி வேணும்னா அவன் குதிக்க வேண்டியதுதானே?"

"படந்தானடி, உக்காரு" என்றார் அப்பா.

"நீங்களா இருந்தா நம்ம அத்தையக் குடுத்துருப்பீகளா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அத்தையின் சிரிப்பு நின்றிருந்தது.

"அவள எதுக்கு மதினி அடிக்கிறீக? இந்த வீட்டுல இப்பவாச்சும் ஒருத்தி கேட்டாளே."

கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னாள். அப்பாவுக்கு அம்மாவைக் கொடுக்க வேண்டுமென்றால், அம்மாவின் அண்ணனுக்கு அத்தையைக் கொடுக்க வேண்டும் என்று பேசி முடித்திருக்கிறார்கள். மாமா அத்தையைவிட ரொம்பவும் மூத்தவர். பேசி முடித்தபோது அத்தை அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாளாம். "ஒங்களக் கேட்டாகளாம்மா?" என்றேன். "என்னைய மட்டும் யாரு கேட்டா?" என்றாள்.

அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. சில நாள் தங்குவதாக வந்த அத்தை சாயங்காலமே கிளம்பிவிட்டாள். எனக்கு அடி விழுந்த கோபத்தில்தான் போகிறாள் என்று உள்ளுக்குள் பெருமை. பஸ் ஸ்டாப்வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். மனசு கேட்காமல் அங்கேயும் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு ஏன் அத்த ஓடிப் போகல?"

அத்தை ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள். "எங்கிட்டு ஓடுவா? பெத்தவுக, பெறந்தவுக எல்லாரும்ல மேளம் அடிச்சுக்கிட்டு நிக்கிறாக."

பஸ் போன பிறகு, படத்தில் மேளம் அடித்தவர்கள் ஏழெட்டுப் பேர்கூட இல்லையே, அத்தை சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.