வெங்காயப் பாத்தியில் என்ரை பற்றீரியாக்கள்

கப்பலில் உரப்பசளை வராமல் போன வருஷம் அது. அச்சுவேலிப் பக்கத்துச் செம்மண்ணில் என் கணவருக்கு வெங்காயத் தோட்டம். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற ரீச்சர். கடை கடையாக அலைந்து வெறுங்கையோடு வந்து அவர் முற்றத்தில் குந்தியிருந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"தோட்டத்துக்கை பொசுபரசு கிடக்குதுங்கோ. இவ்வளவு காலமும் போட்ட பசளையிலை பாதி சுண்ணாம்போடை ஒட்டிக்கொண்டு நிக்குது. அதைக் கழட்டிற பற்றீரியாவும் எங்கடை மண்ணிலையே இருக்கு."

"கழட்டி?"

"வேருக்குக் குடுக்கும்," என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

பாடசாலை ஆய்வுகூடத்தில் அந்த மண்ணைக் கரைத்து, பொசுபேற்று கலந்த வெள்ளைக் கூழ்த் தட்டுகளில் தடவி வைத்தேன். சில நாளில் புள்ளி புள்ளியாகப் பற்றீரியா முளைத்தது. சிலவற்றைச் சுற்றி மட்டும் வெள்ளை கரைந்து கண்ணாடி தெரிந்தது. அவை கக்கிய அமிலம் பொசுபேற்றைக் கரைத்திருந்தது. அவற்றைச் சீனித் தண்ணீரில் வளர்த்துப் போத்தல் போத்தலாக வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அவர் ஒன்றைத் திறந்து மணந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "உம்மடை ஆக்கள் குளிக்கிறேல்லைப் போலை," என்றார்.

வழக்கமாகப் பூவரசங்குழையை இலையும் கொப்புமாக மண்ணில் புதைத்து, அது உக்கும்வரை விட்டுத்தான் நடுவார்கள். பருவம் தப்பப் போகிறதென்று இருவரும் அவசரப்பட்டோம். பச்சைக்குழையின் மேலேயே நட்டு, என் போத்தல்களை ஊற்றினோம். கையிலிருந்த விதை வெங்காயம் முழுவதும் அந்த மண்ணுக்குள் போனது. அது பிழைத்தால்தான் அந்த வருஷம் எங்களுக்கு ஒரு போகம்.

முளைத்தது. பிறகு நின்றுவிட்டது. தாள் நுனி கருகத் தொடங்கியது. பக்கத்துத் தோட்டக்காரர் பழைய பசளை மூட்டை வைத்திருந்தார். அவருடைய பாத்திகள் கடும்பச்சையாக நின்றன. எனக்கு வீட்டிலும் இருப்புக்கொள்ளவில்லை, வகுப்பிலும் இருப்புக்கொள்ளவில்லை. பாடசாலைக்குப் போகமுன் ஒருமுறை, வந்தபின் சீலையும் மாற்றாமல் ஒருமுறை தோட்டத்துக்கு ஓடுவேன். என் கணவர் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருப்பார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுபடி மண்ணை அள்ளிக்கொண்டு போனேன். பற்றீரியாவுக்கு நீலச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால், ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் கறுத்த மணிகள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கரைத்த பொசுபரசை வேருக்கு விடாமல் தாங்களே உறிஞ்சி, தங்கள் மரபணுவுக்கும் மென்சவ்வுக்கும் எடுத்ததுபோக மிச்சத்தைச் சங்கிலியாகக் கோத்துச் சேமித்து வைத்திருந்தன. தின்னப் பச்சைக்குழை இருக்கும்வரை அவை பெருகும்; பெருகும்வரை மண்ணில் கிடைப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். குழை முடிந்தால் சாகும், வேறு உயிர்கள் அவற்றைத் தின்னும், பொசுபரசு மண்ணுக்கு வரும். இதை நான் கரும்பலகையில் ஓர் அம்புக்குறி போட்டுப் படிப்பித்திருக்கிறேன். அந்த அம்புக்குறிக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வெங்காயத்தோடு உழுதுவிட்டுப் பயறு போட்டால் ஏதாவது மிஞ்சும். சனிக்கிழமை காலை ட்ரக்டர் ஒழுங்கைக்குள் வந்து நின்றது. அவர் படலையடியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சரும், உம்மடை ஆக்கள் எப்ப விடுவினம்?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கத்தான் வாயைத் திறந்தேன். "தெரியாது," என்றேன். "விடுவினம். எப்ப எண்டு தெரியாது. வெங்காயம் அதுமட்டும் தாங்குமோ எண்டும் தெரியாது."

"கலியாணம் கட்டினதிலை இருந்து நீர் ஒரு விஷயம் தெரியாது எண்டு சொல்லி நான் கேட்டதில்லை," என்றவர் ட்ரக்டர்காரரிடம் திரும்பினார். "தம்பி, நீங்கள் போயிட்டு வாங்கோ. இண்டைக்கு உழவில்லை."

எனக்குக் கோபம்தான் வந்தது. "அழிஞ்சால் என்னைச் சொல்லப் போறியளோ?"

"அழிஞ்சால் ரெண்டு பேரும்தான் அழுறது," என்றார்.

அதற்குப் பிறகும் தண்ணீர் கட்டினோம். நுனி இன்னும் கருகியது. பாதிக்கு மேல் பட்டுப்போனது. பிறகு ஒருநாள் காய்ந்த தாளுக்கு நடுவில் புதுக்குருத்து நேராக எழும்பி நின்றது. அடுத்த நாள் பக்கத்திலும் ஒன்று. கிண்டியபோது சுண்டுவிரல் நகமளவு வெங்காயம்தான் அதிகம். வியாபாரி வந்து, உதறிப் பார்த்து, அரை விலை சொன்னார். என் கணவர் பேரம் பேசவில்லை. ஒரு பிடிகூடக் கொடுக்காமல் ஆளை அனுப்பிவிட்டார்.

காசில்லாத நேரத்தில் இந்த மனுசனுக்கு என்ன வந்தது என்று கொதித்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். பிடிபிடியாகக் கட்டிக் கூரை வளைமரத்தில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"உதை ஏன் வைக்கிறியள்?"

"விதைக்கு," என்றார். "ஒண்டுமில்லாமல் இந்த மண்ணிலை நிண்டு பிடிச்சது உதுகள்தானே. வேறை எதை வைக்கிறது?"

எனக்கு அழுகை வந்தது. கீழே கிடந்த அடுத்த பிடியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.